தப்பு சொல்ல ஓர் ஆள்

ஞானசுந்தரி டீச்சர் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிக்கு வந்த முதல் வாரத்திலேயே ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. இந்த அம்மாவுக்குக் கணக்கு தெரியாது. இதற்கு ஆதாரம் தேடி யாரும் அலையவில்லை. பிள்ளைகளே வீட்டுக்கு வந்து சாட்சி சொன்னார்கள்.

"டீச்சர் எங்களயே பதில் கேக்கறாங்க. சொன்னா, சரியா தப்பான்னு சொல்ல மாட்டேங்கறாங்க. பக்கத்துல குந்திக்கினு கீறவனப் பாத்து, நீ இன்னாடா சொல்றேன்னு கேக்கறாங்க."

சம்பளம் வாங்குவது அந்த அம்மா, பதில் சொல்வது எங்கள் பிள்ளைகளா என்று ஊர் கொதித்தது. முந்தைய டீச்சர் எவ்வளவு நல்லவர் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அவர் கணக்கையும் விடையையும் சேர்த்தே போர்டில் எழுதிவிட்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். வகுப்பு கோயில் மாதிரி அமைதியாக இருக்கும். படிப்பு என்றால் அதல்லவா படிப்பு.

என் பெயர் தண்டபாணி. பள்ளிக்கு எதிரே பஞ்சர் கடை. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் அலுத்துக்கொண்டே விசில் அடிக்கிற இடம் எங்கள் ஊர். பெயரை எழுதினால் நாளைக்கு என் கடை முன்னால் பஞ்சாயத்து கூடும், வேண்டாம். பஞ்சர் ஒட்டுகிறவனுக்குக் கையில்தான் வேலை, காதுக்கு வேலை இல்லை. ஐந்தாம் வகுப்பு ஜன்னல் என் கடையைப் பார்த்தபடி இருக்கிறது. அதனால் நான் மறுபடியும் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் உறுப்பினரும்கூட. எனக்குப் பிள்ளைகள் இல்லை என்பதால் நடுநிலையாக இருப்பேன் என்று சேர்த்தார்கள். கூப்பிட்டால் சாலையைத் தாண்டி உடனே வந்து கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்பதுதான் நிஜக் காரணம்.

டீச்சருக்குச் சொந்த ஊர், உத்திரமேரூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெருநகர் என்கிற ஊர். வீட்டுக்காரர் ஜான், லைன்மேன். பஸ்ஸை நம்பினால் பள்ளி விடும் நேரத்துக்குத்தான் வந்து சேர முடியும் என்று தினமும் ஸ்கூட்டியில் வருவார். எங்கள் ஊர்ச் சாலையின் தயவால் அந்த ஸ்கூட்டி என் கடைக்கு நிரந்தர வாடிக்கை. அவரை மகான் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். சரியான வாய்க்காரர். கோபம் வந்தால் டஸ்டரால் மேசையில் அடிக்கிற அடியில் சாக்பீஸ் தூள் என் டீ வரைக்கும் வரும். வாதத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். வீட்டில் சாம்பாருக்கு உப்பு போதுமா என்கிற விவாதமே சில நாள் படுக்கிற வரைக்கும் போகும் என்று ஜானே ஒருமுறை என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்.

ஒரு நாள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே நான் கேட்டேன். "ஏன் டீச்சர், சரி, தப்புன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வலிக்குமா?"

"நான் சரின்னு சொன்ன ஒடனே பசங்க யோசிக்கறத நிறுத்திடறாங்க தண்டபாணி. தப்புன்னு சொன்னா வாயையே மூடிடறாங்க. ரெண்டுமே எனக்கு பேஜாரு."

அவர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. யார் பதில் சொன்னாலும் மற்றவர்கள் 'ஏன்?' என்று கேட்கலாம். கேட்டால் காரணம் சொல்லியே ஆக வேண்டும். 'புக்குல கீது' என்பது காரணமாகாது. 'எங்க அண்ணன் சொன்னான்' என்பதும் ஆகாது. அண்ணன் ஏன் சொன்னான் என்று அடுத்த கேள்வி வரும். எல்லாம் பேசி ஓய்ந்த பிறகு டீச்சர் எழுந்து, "சரி, இதுல இருந்து பொதுவா இன்னா தெரியுது?" என்பார். அதையும் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். இந்த அம்மா எதற்குத்தான் வருகிறார் என்று ஊர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

சைபர் ஒற்றையா, இரட்டையா என்று ஒரு முறை விவாதம் நடந்தது. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது வாரம் முழுக்க ஓடியது. பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், வீட்டிலிருந்து அது டீக்கடைக்கு வந்தது. சைபரே ஒரு எண் இல்லை என்று ஒரு கட்சி. ஒன்றுமில்லாததற்கு ஒற்றை என்ன, இரட்டை என்ன என்று இன்னொரு கட்சி. வரப்புத் தகராறில் நெடுநாளாகப் பேசாமல் இருந்த இருவர் சைபருக்காகப் பேச ஆரம்பித்து, சைபருக்காகவே மறுபடியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த வாரத்தின் கடைசி நாளில்தான் இளவரசி வாயைத் திறந்தாள்.

இளவரசி, ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இருளர் குடியிருப்பிலிருந்து வருகிறவள். அப்பா, அம்மா இருவரும் கூலி வேலை. நடவு, அறுப்பு, எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். நான்கு வருஷம் அவள் குரல் என் ஜன்னலுக்கு வந்ததே இல்லை. முந்தைய டீச்சர் அவளை ஊமை என்றே நினைத்திருந்தார். ஞானசுந்தரி டீச்சர் மட்டும் ஒவ்வொரு முறையும், "நீ இன்னா சொல்றே இளவரசி?" என்று கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்து, வராவிட்டால் "பரவால்ல, அப்புறமா சொல்லு" என்று அடுத்தவரிடம் போவார். பல மாதங்களாக இது நடந்தது. எனக்கே அலுத்துவிட்டது, அவருக்கு அலுக்கவில்லை.

அன்றைக்கு அவள் சொன்னாள். "இரட்டதான் டீச்சர். சைபர் பேர ரெண்டு வரிசையா நிக்க வெச்சா, எந்த வரிசைலயும் ஒருத்தர் கூட இல்ல. மீதியும் யாரும் இல்ல."

வகுப்பு மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. பிறகு தமிழ்வாணன் என்கிற பையன், உலகத்தில் எதையும் ஒரே தடவையில் நம்பாதவன், "ஆமால்ல?" என்றான். அதற்குப் பிறகு அவள் தினமும் ஏதாவது சொல்ல ஆரம்பித்தாள். டீச்சருக்கு அன்று இருந்த சந்தோஷத்தில் பஞ்சர் ஒட்டிய காசைக் கொடுக்காமலே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்தச் சந்தோஷம் எவ்வளவு மெலிதானது என்று டீச்சருக்குத் தெரியும். குடியிருப்பிலிருந்து வருகிற பிள்ளைகள் ஒரு முறை நாலு பேர் முன்னால் கூனிக்குறுகினால், மறுநாள் பள்ளிக்கு வர மாட்டார்கள். யாரும் போய்க் கேட்கவும் மாட்டார்கள். ஆறாம் வகுப்புக்குச் சாலவாக்கம் போக வேண்டிய பிள்ளை அப்படியே நாற்றங்காலுக்குப் போய்விடும். இளவரசிக்கு முன்னால் படித்த அவளுடைய அக்கா அப்படித்தான் போனாள்.

இப்படி இருக்கும்போது, எங்கள் பள்ளியில் கணக்கு விவாதம் நடக்கிற விஷயம் மேலே போய்விட்டது. மாவட்டத்திலிருந்து ஜெயப்பிரியா என்ற அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், கேமராவும் வரும், வீடியோ எடுத்து மற்ற பள்ளிகளுக்கும் காட்டுவார்கள் என்று தலைமையாசிரியர் ராஜாராமுக்குத் தகவல் வந்தது.

ராஜாராம் சார் கெட்டவர் இல்லை. பயந்தவர், அவ்வளவுதான். குடியரசு தினத்துக்குக் கொடி ஏற்றுவதை முந்தின நாளே கொடி இல்லாமல் ஏற்றிப் பார்க்கிறவர். அப்படிப்பட்டவரிடம், பிள்ளைகள் இஷ்டத்துக்குப் பேசுவார்கள், அதை மாவட்டம் வந்து பார்க்கும் என்றால் தூக்கம் வருமா? இரண்டே நாளில் 'இயல்பான கலந்துரையாடல்' என்று தலைப்புப் போட்டு, யார் யார் எப்போது இயல்பாக என்ன பேச வேண்டும் என்று வசனம் எழுதி வந்துவிட்டார்.

கேள்வி இதுதான். ஒரு தோசையில் பாதி பெரிதா, மூன்றில் ஒரு பங்கு பெரிதா? முதலில் ஒரு மாணவி எழுந்து, 'மூன்றில் ஒரு பங்குதான் பெரிது' என்று தப்பாகச் சொல்ல வேண்டும். உடனே தமிழ்வாணன் எழுந்து, 'இல்லை தோழி, பங்குகள் கூடக் கூட ஒவ்வொரு பங்கின் அளவும் குறையும் அல்லவா?' என்று திருத்த வேண்டும். அல்லவா என்ற சொல்லை எங்கள் ஊரில் கடைசியாகப் பேசியவர் தெருக்கூத்தில் தர்மராஜா வேஷம் கட்டியவர்தான். தோழி தன் தவறை உணர்ந்து நன்றி சொல்ல, எல்லோரும் கைதட்ட வேண்டும்.

"கலந்துரையாடலுக்கு ஒத்திகை எதுக்கு சார்?" என்று டீச்சர் கேட்டார். ஜன்னல் வழியே எனக்கு நன்றாகக் கேட்டது.

"யாரும் தப்பே சொல்லலன்னா எத வெச்சு டீச்சர் விவாதம் பண்ணுவீங்க? தப்பு சொல்ல ஒரு ஆள் வேணுமில்ல?"

"அது தானா வரும் சார்."

"வரலன்னா? கேமராவ வெச்சிக்கினு நிக்க முடியுமா? பிள்ளைங்க எண்ணிக்க கொறஞ்சிக்கினே போவுது. நம்ம ஸ்கூல மெயின் ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கற ஸ்கூலோட சேத்துடலாம்னு பேச்சு கீது. இந்த வீடியோ நல்லா வந்தா சேக்கறத நிறுத்தி வெப்பாங்க. ஏரிக்கர பசங்க மெயின் ரோட்ட தாண்டிப் போவாங்களா, நீங்களே சொல்லுங்க."

வாதத்தில் தோற்காத டீச்சர் அன்றைக்கு முதன்முதலாக விட்டுக்கொடுத்தார். மெயின் ரோட்டில் லாரி போகிற வேகம் அவருக்கும் தெரியும். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார். தப்பு சொல்கிற பிள்ளையை யாரும் கைகாட்டித் தேர்ந்தெடுக்கக் கூடாது, சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துப் பெருமையைச் சொல்லாமல் விட்டால் சாமி கண்ணைக் குத்தும். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே உத்திரமேரூரில் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லித்தான் சபைக்கு ஆள் பிடித்தார்கள். கல்வெட்டிலேயே இருக்கிறது. நாங்கள் வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொல்லாமல் டீ கூடக் குடிக்க மாட்டோம். ராஜாராம் சாருக்கும் இந்த யோசனை பிடித்துவிட்டது. சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு எவர்சில்வர் குடத்தைக் கொண்டுவந்து, பிள்ளைகள் பெயரை எழுதிப் போட்டு, ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கையை விடச் சொன்னார். சோழ தேசம் திரும்பி வந்தது.

சீட்டில் அபிநயா பெயர் வந்தது. அபிநயாவின் அப்பா சிவகுமாருக்கு ஏரிப் பாசனத்தில் முதல் மடையிலேயே, ஊருக்கு முன்னால் தண்ணீர் பாய்கிற இடத்தில் நிலம். மறுநாள் காலையில் சிவகுமாரின் புல்லட் பள்ளி வாசலில் வந்து நின்றது.

"இன்னா சார், என் பொண்ணு மாவட்டத்துக்கு முன்னாடி தப்பா சொல்லணுமா? நாளிக்கு எவனாவது வீடியோவ அனுப்பி, உம் பொண்ணுக்கு பாதிகூட தெரியலயேன்னு சிரிச்சா நான் இன்னா பண்றது?"

"சீட்டுல வந்துச்சுங்க."

"சீட்டு தான சார். மறுபடியும் குலுக்கு."

குலுக்கினார்கள். கார்த்திக் பெயர் வந்தது. அவன் அம்மா கீதா வார்டு மெம்பர். முதலில் அவர் நேரில்கூட வரவில்லை, போனில்தான் பேசினார். அவர் பேசிய வேகத்திலேயே சாரின் முகம் வெளுத்துவிட்டது. பிறகு நேரிலும் வந்து, அதையே இன்னும் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே குடம் கொடுத்த வரத்தை அப்பா அம்மாவே வந்து திருப்பிக் கொடுத்தார்கள்.

அதற்கடுத்த நாளிலிருந்து இரண்டு நாள் டீச்சர் ஒரு கூட்டத்துக்காக உத்திரமேரூர் போயிருந்தார். முதல் நாளே குடம் சத்துணவுக் கூடத்துக்குத் திரும்பிவிட்டது. ராஜாராம் சார் வகுப்பை ஒரு பார்வை பார்த்தார். "இளவரசி, நீ சொல்லும்மா" என்றார். அவ்வளவுதான். எந்த புல்லட்டும் வரவில்லை, போனும் வரவில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. ஏழைப் பிள்ளையை அம்பலத்தில் ஏற்றித் தப்பாகப் பேச வைக்கலாம் என்பது எங்கள் ஊர் சேர்த்துக்கொண்டது.

டீச்சருக்கு இது தெரிந்தது அதிகாரி வருகிற அன்று காலையில். ஸ்கூட்டியை நிறுத்தியவர் நேராக இளவரசியிடம் போனார்.

"நீ அத சொல்ல வேணாம் கண்ணு. உனக்கு இன்னா தோணுதோ அத சொல்லு."

"சார் சொல்லியிருக்காரு டீச்சர். நான் மனப்பாடம் பண்ணிட்டேன்" என்றாள் அந்தப் பெண். மனப்பாடம் செய்ததில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. டீச்சர் ராஜாராம் சாரை நோக்கித் திரும்புவதற்குள் மாவட்டத்துக் கார் வாசலில் வந்து நின்றுவிட்டது.

வகுப்பின் பின்பக்கம் பெற்றோருக்கும் குழுவுக்கும் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சிவகுமார், கீதா, நான். ஜெயப்பிரியா மேடம் நடுவில். கேமராக்காரர் ஒரு மூலையில். முதலில் வரவேற்புப் பாட்டு. பிறகு டீச்சர் போர்டில் இரண்டு வட்டங்கள் வரைந்து, கேள்வியைக் கேட்டார். அவர் குரலில் வழக்கமான தெம்பு இல்லை.

இளவரசி எழுந்தாள். "மூன்றில் ஒரு பங்குதான் பெரிது." தெளிவாக, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

தமிழ்வாணன் எழுந்தான். ராஜாராம் சார் கதவருகே நின்று உதட்டை அசைத்து, 'இல்லை தோழி' என்று எடுத்துக் கொடுத்தார். தமிழ்வாணனும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் வருஷம் முழுக்கப் பழகிய பழக்கம் இரண்டு நாள் ஒத்திகைக்குக் கட்டுப்படுமா?

"ஏன்?" என்று கேட்டுவிட்டான்.

அங்கேதான் வசனகர்த்தாவின் கை தெரிந்தது. ராஜாராம் சார் தப்பான பதிலை எழுதியிருந்தார், அந்தத் தப்புக்கு ஒரு காரணம் எழுதவில்லை. தப்புக்கெல்லாம் காரணம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இளவரசி போர்டைப் பார்த்தாள். வட்டங்களைப் பார்த்தாள். கேட்டால் காரணம் சொல்லியே ஆக வேண்டும்.

"சார் சொல்ல சொன்னாரு" என்றாள்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ராஜாராம் சார் இருமினார். தமிழ்வாணன் விடுகிறவனா?

"அது காரணம் ஆவாது. சார் ஏன் சொல்ல சொன்னாரு?"

"தெரியல."

"ஏன் உன்ன சொல்ல சொன்னாரு?"

அவள் கண் கலங்குவதை நான் பார்த்தேன். டீச்சரும் பார்த்தார். ராஜாராம் சார் கையை ஆட்டி, முடியுங்கள், முடியுங்கள் என்று சைகை காட்டினார். டீச்சர் ஒரு கணம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு வகுப்பின் பக்கம் திரும்பி, தினமும் கேட்கிற அதே சாதாரணக் குரலில், "தமிழ்வாணன் ஒரு கேள்வி கேட்டிருக்கான். யாருக்காவது பதில் தெரியுமா?" என்றார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அபிநயா கையைத் தூக்கினாள்.

"மொதல்ல சீட்டுல எம் பேருதான் டீச்சர் வந்துச்சு. எங்கப்பா வந்து மாத்த சொல்லிட்டாரு."

பக்கத்தில் சிவகுமாரின் நாற்காலி கிறீச்சிட்டது.

"அப்பால எம் பேரு வந்துச்சு" என்றான் கார்த்திக். "எங்கம்மா வந்து கத்தனாங்க." கீதா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"இளவரசி பேரு சீட்டுலயே வரல" என்றது ஒரு பின்பெஞ்சுக் குரல். "சார் சும்மா சொல்ல சொன்னாரு."

எல்லாம் பேசி ஓய்ந்தது. டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "சரி, இதுல இருந்து பொதுவா இன்னா தெரியுது?"

அபிநயா கொஞ்சம் யோசித்தாள். அது நல்ல பெண், கணக்கில் கெட்டிக்காரி. ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து, விடை கிடைத்த சந்தோஷத்தோடு சொன்னாள். "யாரு வூட்ல இருந்து கேக்க ஆள் வராதோ, அவங்கதான் டீச்சர் தப்பு சொல்லணும்."

இதற்கு 'ஏன்' என்று யாரும் கேட்கவில்லை. நிரூபணம் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

ஜெயப்பிரியா மேடம் கேமராக்காரரைப் பார்த்தார். அவர் கேமராவை அணைத்தார். பிள்ளைகள் நன்றாகப் பேசுகிறார்கள் என்று மேடம் பொதுவாகச் சொல்லிவிட்டு, மேசை மேல் வைத்த முந்திரி பிஸ்கட்டைத் தொடாமல் கிளம்பினார். பிற்பாடு வீடியோ வந்தது. வரவேற்புப் பாட்டு மிக நன்றாகப் பதிவாகியிருந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் சிவகுமார் என் கடையில் நின்று பொரிந்து தள்ளினார். "பெத்த அப்பன கேமரா முன்னால காட்டிக் குடுக்கறா. இதான் தண்டபாணி இங்க சொல்லித் தர்ற கணக்கு. நாளிக்கே டி.சி. வாங்கி வேன்ல அனுப்பிடறேன்." மகள் சொன்னதில் எது பொய் என்று நான் கேட்டேன். அவர் காற்று பிடிக்காமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். வருஷக் கடைசியில் வேன் அனுப்புகிற தனியார் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள் என்பதால், அபிநயா மறுநாளும் எங்கள் பள்ளிக்குத்தான் வந்தாள். கௌரவத்துக்கும் ஜூன் மாதம் வரை பொறுமை இருக்கிறது.

இளவரசி வரவில்லை.

அடுத்த நாளும் வரவில்லை. டீச்சர் சாப்பாட்டு வேளையில் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்கூட்டிக்கு ஒன்றும் இல்லை.

"நான் அந்தக் கேள்விய நிறுத்தியிருக்கணும் தண்டபாணி. சார் மேல இருந்த கோவத்துல கேட்டுட்டேன். நடுவுல நின்னது அந்தப் பொண்ணு. இத்தன மாசம் காத்துக்கினு இருந்து பேச வெச்சேன். ஒரே நாள்ல போச்சு."

சாயங்காலம் குடியிருப்புக்குப் போய்ப் பார்ப்போம் என்றேன். போனோம். குடிசை பூட்டிக் கிடந்தது. நடவுக்குப் போயிருக்கிறார்கள், பிள்ளையும் கூடப் போயிருக்கிறது என்று பக்கத்தில் சொன்னார்கள்.

மறுநாள் காலை. பிள்ளைகள் காலை நாஷ்டாவை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். சாலையில் சின்னபொண்ணு வந்தாள், இளவரசியின் அம்மா. காலில் சேறு காய்ந்திருந்தது. இளவரசியின் கையைப் பிடித்திருந்தாள். குடியிருப்பிலிருந்து ஒரு தாயோ தகப்பனோ பள்ளி வாசலுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. இந்த வருஷச் சேர்க்கைக்குக்கூட டீச்சர்தான் தேடிப் போய்க் கூட்டி வந்தார்.

ராஜாராம் சார் வாசலில் நின்றிருந்தார்.

"சார், எம் பொண்ண எதுக்கு தப்பா சொல்ல சொன்னீங்க?" சத்தம் போடவில்லை. ஆனால் உள்ளே போக வழி விடவும் இல்லை.

"அது ஒண்ணுமில்லம்மா. சும்மா ஒரு நாடகம் மாதிரி."

"நாடகம்னா எல்லாரும்தான சார் வேசம் கட்டணும். அவங்கவங்க வூட்ல வேணாம்னு சொன்னத எம் பொண்ணுக்கு குடுத்தீங்களாமே?"

சார் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். பேனா காதில் இருந்தது.

"ரெண்டு நாளா ஸ்கூலுக்கு போ மாட்டேன்னு குந்திக்கினா. இன்னாடின்னு கேட்டா சொல்லல. நேத்து ராத்திரிதான் சொன்னா. வேலைக்கு போயிருந்தோம், அதான் வரல சார். எம் பொண்ணுக்கு கேக்க ஆள் இல்லாம இல்ல."

"தப்புதாம்மா" என்றார் ராஜாராம் சார். அவர் அந்தச் சொல்லை ஒத்திகை பார்க்காமல் சொன்னது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். சின்னபொண்ணு மகளின் கையை விட்டாள். நடவுக்கு நேரமாகிவிட்டது என்று வந்த வேகத்திலேயே திரும்பி நடந்தாள். டீச்சர் படியில் நின்றிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

அன்று கணக்கு வகுப்பில் புதுக் கேள்வி. சதுரமாக ஒரு நெல் களம் இருக்கிறது. நாலு பக்கத்தையும் இரண்டு மடங்கு நீளமாக்கினால், எத்தனை மடங்கு நெல் காய வைக்கலாம்? டீச்சர் கேட்டுவிட்டு வகுப்பைப் பார்த்தார். இளவரசியை மட்டும் பார்க்காமல் கவனமாக மற்ற எல்லோரையும் பார்த்தார். நான் டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜன்னலருகே போய் நின்றேன்.

யாரும் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இளவரசி கையைத் தூக்கினாள்.

"ரெண்டு மடங்கு டீச்சர்."

"ஏன்?" தமிழ்வாணன்தான். வேறு யார்?

"எல்லா பக்கமும் ரெண்டு மடங்குதான ஆச்சு? அப்போ நெல்லும் ரெண்டு மடங்குதான்."

சுத்தத் தப்பு. ஆனால் யாரும் எழுதிக் கொடுக்காத தப்பு, காரணத்தோடு வந்த தப்பு. கார்த்திக் எழுந்து இல்லை என்றான். அபிநயா தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, பக்கத்தில் பெரிய கட்டமும் போட்டு, உள்ளே நாலு சின்னக் கட்டங்களைக் காட்டினாள். பின்பெஞ்சுக்காரர்கள் எல்லோரும் வந்து தரையில் குனிந்துவிட்டார்கள். நாலு மடங்கு, நாலு மடங்கு என்று வகுப்பே கூவியது. டீச்சர் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது.

இளவரசி அபிநயாவின் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கினாள்.

"இருங்கடி" என்றாள். "நான் இன்னும் ஒத்துக்கல."